தாய்மாமன் மடியும் ப்ளூ மார்மனும்

தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போவதில்லை என்று எத்திராஜ் சபதம் செய்தார். மனசுக்குள்ளேயே செய்தார். வாய்விட்டுச் செய்தால் மனைவி தையல்நாயகியின் காதில் விழுந்துவிடும்.

காரணம் பெரியது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் தங்கச்சி புருஷன் மோகன்ராஜ், இவரை "நம்ம பூச்சி மச்சான்" என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினான். சாம்பார் வாளியோடு வந்தவன்கூட நின்று சிரித்துவிட்டுத்தான் ஊற்றினான்.

எத்திராஜ் பிடிப்பது பூச்சி இல்லை. பிடிப்பதே இல்லை. பட்டாம்பூச்சியைப் பார்ப்பார், பேர் சொல்வார், விட்டுவிடுவார். மருந்துக் கம்பெனியில் நைட் ஷிப்ட். ஊர் எழுந்திருக்கும்போது படுக்கப் போகிற மனுஷனுக்கு, பகல் என்று ஒன்று இருப்பதை நம்ப ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சேலையூர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு நாள் சாக்கு வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நன்மங்கலம் காடு, வண்டலூர் ஏரிக்கரை என்று அலைந்து ஏகப்பட்டதைப் பார்த்தாயிற்று. ப்ளூ மார்மன் என்கிற வகை மட்டும் டிமிக்கி கொடுத்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து ஆள். தாம்பரம் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

"ஞாயித்துக்கிழமை நான் வர முடியாது, நாயகி. சங்கத்துல பட்டாம்பூச்சி கணக்கெடுப்பு. நான் இல்லேன்னா நடக்காது."

"நீங்க இல்லேன்னா அதுங்க பறக்காதா?"

"கணக்கு நடக்காது."

"குழந்தையை மடியில வெச்சுக்க வேண்டிய தாய்மாமன் நீங்க. வரலைன்னா உங்க தங்கச்சி உங்களையா திட்டுவா? 'அண்ணி முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டா'ன்னு என்னைத்தான் சொல்லுவா. சாகுற வரைக்கும் உங்க சொந்தக்காரங்க வாயில நான் அரைபடணும்."

"வேற யார் மடியிலயாவது..."

"மடி என்ன பஸ் சீட்டா, காலியா இருக்கறதுல உட்கார வைக்க?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எத்திராஜுக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தோன்றாதது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை, காதுகுத்து நடக்கப்போகிற குன்றத்தூர் மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த தையல்நாயகி, பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு எலுமிச்ச மரம். அதுல கருப்பா, பெருசா என்னமோ உட்கார்ந்திருந்தது. வௌவாலோன்னு பயந்துட்டேன்."

"வெறும் கருப்பா?"

"பின்றெக்கையில நீலம். நீலத்துல கருப்புப் புள்ளி. விடுங்க, உங்களுக்குத்தான் கணக்கெடுப்பு இருக்கே."

எத்திராஜ் பூண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வால் இருந்ததா?"

"வாலெல்லாம் இல்ல."

"றெக்கையை மூடினப்போ, அடியில, உடம்பை ஒட்டி?"

"செவப்பா இருந்தது. குங்குமம் சிந்தின மாதிரி."

அவ்வளவுதான். மனுஷன் விழுந்தார். அந்தச் சிவப்பை நேரில் பார்க்காமல் ஒருத்தி சொல்லவே முடியாது. விடிந்ததும் போவது, பார்ப்பது, படம் எடுப்பது, முகூர்த்தத்துக்கு முன்னால் நழுவிவிடுவது என்று திட்டம் போட்டார்.

"கணக்கெடுப்பு இடத்தை மாத்திட்டாங்க, நாயகி. குன்றத்தூராம்."

"நல்லதாப் போச்சு. ஒரே ஆட்டோல போயிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குப் பின்னால் எலுமிச்சை மரம் இல்லை. எந்த மரமும் இல்லை. சமையல்காரரின் கேஸ் சிலிண்டர்கள்தான் வரிசையாக நின்றன. கேமராவும் கையுமாகத் திரும்பினால், பட்டுப்புடவையில் தங்கச்சி மஹாலட்சுமி, இடுப்பில் மொட்டைத்தலைக் குழந்தையோடு.

"அண்ணா, வந்துட்டியா. நீ வரமாட்டேன்னு இவர் பந்தயமே கட்டினார். அண்ணி இருக்காங்க, கூட்டியாந்துடுவாங்கன்னு நான்தான் சொன்னேன்."

அடுத்த நிமிஷம் மடியில் குழந்தை, கழுத்தில் மாலை. பக்கத்தில் வந்து நின்ற மனைவியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தச் செவப்பு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷமா சோத்துல கை வெச்சா அதைத்தானே சொல்றீங்க. நான் என்ன காதுல பஞ்சா வெச்சிருக்கேன்?"

காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்தார். "சார், குழந்தை தலையை இறுக்கிப் பிடிங்க. நீங்க அசைஞ்சா மூக்குல குத்தின மாதிரி ஆயிடும்."

திடீரென்று கூட்டம் முழுக்க எத்திராஜின் தலையைப் பார்த்தது.

"மச்சான்," என்றான் மோகன்ராஜ், குரலைத் தாழ்த்தி. "உங்க வழுக்கையில ஏதோ உட்கார்ந்திருக்கு."

"என்னது?"

"அசையாதீங்க சார்," என்றார் பத்தர்.

தையல்நாயகி குனிந்து பார்த்தாள். "கருப்பு. பெருசு. நீலம் இருக்கு. வால் இல்ல. இருங்க, மூடட்டும். ம்... செவப்பு. ஆம்பளதான். பொம்பளைக்கு நீலம் இவ்வளவு பளிச்சுன்னு இருக்காது."

"திரும்பவும் ஏமாத்தாத, நாயகி."

"நிஜம்தான் அண்ணா, எவ்ளோ அழகு," என்றாள் தங்கச்சி.

"வேர்வை உப்புக்கு வந்திருக்கும்," என்றாள் தையல்நாயகி. அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

குழந்தை வீறிட்டது. பட்டாம்பூச்சி கிளம்பி ஜன்னல் வழியாகப் போய்விட்டதாக எல்லோரும் சொன்னார்கள். எத்திராஜ் கண்ணில் பட்டது குழந்தையின் காது மட்டும்.

சாயங்காலம் சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கனுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். தன் தலையில் உட்கார்ந்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"எப்படி சார் பார்க்கறது, என் தலையாச்சே. வீட்டுல பார்த்தாங்க."

"அடிச்சிவப்பெல்லாம் கவனிச்சாங்களா?"

"ஆணா பெண்ணான்னுகூடச் சொன்னா, சார்."

தலைவர் டைரியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அடுத்த ஞாயிறு நன்மங்கலத்துக்கு அவங்களைக் கட்டாயம் அனுப்பி வைங்க, எத்திராஜ். நைட் ஷிப்ட் முடிச்ச களைப்போட நீங்க வேற எதுக்கு வந்துகிட்டு? தூங்குங்க."