தெற்குப் பாறையில் ஐம்பத்திரண்டு வயது மீன்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டாரும் படகும் சுகம். அங்கே பட்டறையில் தாங்களும் தங்கள் படகின் எஞ்சினும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படிக்கவும்.

அரசாங்க ஆள் எவனையும் படகில் ஏற்றாதே, ஏற்றினால் தெற்குப் பாறையை மூடிவிடுவார்கள் என்று போகும்போது சொன்னீர்கள். ஏற்றிவிட்டேன். நானாக ஏற்றவில்லை, சங்கத்தில் சீட்டுக் குலுக்கினார்கள், என் பெயர் வந்தது, பாறையில் மீன் அநேகமாக இல்லை, இருப்பதும் தீரப்போகிறது என்று அறிக்கை எழுதினாரே மீன்துறை விஞ்ஞானி, அவரே வந்து ஏறினார், கூடவே பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர், மூன்று தரப்பும் சேர்ந்து எண்ணிப் பார்ப்பதுதான் ஏற்பாடாம். துறைமுகம் தாண்டுவதற்குள் விஞ்ஞானி வாந்தி எடுக்கத் தொடங்கினார், மீன் அளக்கும் பலகை தண்ணீரில் விழுந்தது, அதைப் பிடிக்கக் குனிந்ததில் என் கண்ணாடியும் பின்னாலேயே போனது, எங்கே தூண்டில் போடுவதென்று பேராசிரியையின் கம்ப்யூட்டர் ஓர் இடம் சொன்னது.

"இங்க வெறும் மணல்மா, ஒண்ணும் கிடைக்காது" என்றேன்.

"கிடைக்கலன்னா அதையும் எழுதிக்கணும்ங்க. இல்லைங்கறதும் கணக்குதான்" என்றார் பேராசிரியை.

முப்பது வருஷத்தில் மீன் இல்லாத இடத்தில் மெனக்கெட்டுத் தூண்டில் போட்டது அன்றுதான். விஞ்ஞானியின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். மச்சான், அதில் பாறையே தப்பான இடத்தில் இருந்தது! சரியான இடத்துக்குப் படகைத் திருப்பினேன். கயிறு இறங்கிய வேகத்தில் மீன் ஏறியது. அந்த மனுஷர் வாயைத் துடைத்துக்கொண்டு, "பதினோரு வருஷமா நான் மணல்லயா தேடிட்டிருந்தேன்?" என்று கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஜெயித்த திமிர். அந்தத் திமிரில்தான் பெரிய சிவப்பு மீன் ஒன்றை, "வாடா, ஏறி வாடா" என்று அதட்டி இழுத்தேன்.

மறுவாரம் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்கள். மீனின் தலைக்குள்ளே காதுப் பக்கம் நகம் அளவு ஒரு கல் இருக்கிறது, மச்சான். எத்தனை ஆயிரம் தலை வெட்டியிருக்கிறோம், நாம் பார்த்ததே இல்லை. அதைக் காகிதம்போலச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். உள்ளே வளையம் வளையமாக, வருஷத்துக்கு ஒன்று. என்னையே எண்ணச் சொன்னார்கள். இரண்டு தடவை தப்பவிட்டு மூன்றாவது தடவை ஐம்பத்திரண்டு வந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தது! நான் பிறக்கும் முன்பே அது அங்கே நீந்திக்கொண்டிருந்திருக்கிறது; அப்பாவின் முதல் படகு அதன் தலைக்கு மேல்தான் போயிருக்கும். அதையா வாடா போடா என்றேன்? கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

பன்னிரண்டு பயணத்தில் இருநூற்றுப் பத்து மீனுக்குக் கல் எடுத்தோம். எல்லா வயதையும் சுவரில் வரிசையாக ஒட்டினார் பேராசிரியை. பார்த்துக்கொண்டே வந்தவன் கேட்டேன்: "சின்னதெல்லாம் எங்கம்மா?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

இருபது வயதுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, மச்சான். கிழடுகள் மட்டும் இருக்கிற வீடு. நாம் பெரிசு பெரிசாக ஏற்றிக்கொண்டு, பாறை நிறைந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மீன் இருக்கிறது என்று நான் சொன்னதும் நிஜம், தீரப்போகிறது என்று அவர் சொன்னதும் நிஜம். அறிக்கையின் முடிவை என்னையே சொல்லச் சொன்னார்கள். மூன்று வருஷம் மூடுங்கள் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

அந்தப் பாறையில் தொழில் செய்யும் ஒவ்வொரு படகுக்காரரும் கையெழுத்திட வேண்டும். தங்களுடையது மட்டும்தான் பாக்கி. காலில் விழுந்து கேட்கிறேன். திட்டுவதாக இருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திட்டவும். அடுத்தவாட்டி என்கூட வந்து ஒரே ஒரு கல்லைப் பாருங்க, போதும்.

தங்கள் எஞ்சினும் உடம்பும் நெடுநாள் ஓட மனதார வேண்டும்,
அன்பு மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சங்கச் செயலாளர் வந்தார். பதிவேட்டில் தங்கள் படகு அக்கா பெயரில் இருப்பதால் தங்கள் கையெழுத்து செல்லாதாம். அக்கா காலையிலேயே போய்ப் போட்டுவிட்டாள். மூன்று வருஷம் எப்படிப் போதும் என்று சண்டை பிடித்து ஐந்தாக்கிவிட்டாளாம். ஆகவே மேலே நான் கெஞ்சிய இடங்களை விட்டுவிட்டுப் படிக்கவும்.