ஞாயிற்றுக்கிழமை ஓடாத கார்

பிரெஞ்சுக்காரனிடமிருந்து புதுச்சேரிக்கு விடுதலை கிடைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. என் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதை நானே வாங்கிக் கொள்வது என்று தீர்மானித்தேன். அகிம்சை வழியில்தான். என் மனைவி ரஞ்சிதத்திடம் வேறு வழியில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

தப்பு என்னுடையதுதான். சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் அவருடைய பழைய காரை வாங்கினேன். கார் வருவதற்கு முன்னால், காலாப்பட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் பொங்கலுக்கு ஒருதரம், தீபாவளிக்கு ஒருதரம் போவோம். கார் வந்த பிறகு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தீபாவளிதான். அவளுக்கு.

எனக்கோ ஞாயிறு மூன்று மணிக்கு உப்பளம் மைதானத்தில் இருந்தாக வேண்டும். பெத்தாங் ஆட்டம். சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இரும்புக் குண்டைப் போட்டு நிறுத்த வேண்டும். துரைமார்கள் விட்டுப் போனவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். என் ஜோடி கிருஷ்ணசாமி கறாராகச் சொல்லிவிட்டான்: "ஆதிமூலம், போட்டி நெருங்குது. நீ வரலைன்னா வேற ஆளைச் சேத்துப்பேன்."

வழி காட்டியவர் மெக்கானிக் தெய்வசிகாமணி. வாங்கிய புதிதில் கார் மூலைக்கு மூலை அணைந்து போகும். அவர் வந்து பார்த்தார்.

"பெட்ரோல்ல தூசி இருந்தா நிக்கும் சார். பிளக்குல கரி புடிச்சா நிக்கும். ரெண்டும் சுத்தமா இருந்தும், ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்ததும் நிக்குதுன்னா, தோ இந்தத் திருகாணிதான். உள்ள முறுக்கினா காலை எடுத்தாலும் இன்ஜின் ஓடும். வெளிய திருப்பினா காலை எடுத்ததும் பொசுக்குனு அணைஞ்சிடும்." உள்ளே முறுக்கினார்; கார் சரியாயிற்று.

அவருக்குக் காபி கொண்டுவந்த ரஞ்சிதம், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். காபி ஆறியது. இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தவனை இப்போது எதால் அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிருஷ்ணசாமி கறாராகச் சொன்னதற்கு அடுத்த ஞாயிறு விடியற்காலையில் ரஞ்சிதத்தின் தையல் மெஷின் டிராயரிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். திருகாணியை வெளியே திருப்பினேன். ஸ்குரூ டிரைவரைத் திரும்ப வைத்தேன். பேட்டரி சாகக் கிடந்ததால் காரைக் கிளப்ப எப்போதும் நான் முன்னால் ஹாண்டில் சுற்ற, அவள் உள்ளே ஆக்சிலேட்டரை மிதிப்பாள். கிளம்பினோம். தெருமுனை. காலை எடுத்தேன். பொசுக்.

"என்னாங்க ஆச்சு? நேத்து நல்லாதானே ஓடுச்சு?"

"நேத்து சனிக்கிழமை."

"இன்னிக்கு என்னா?"

"ஞாயித்துக்கிழமை. இது பிரெஞ்சுக் கார் ரஞ்சிதம். வெள்ளைக்காரன் ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு பாத்திருக்கியா?"

அவள் நம்பாமல் பார்த்தாள். துரை காரோடு விட்டுப்போன, அட்டை கிழிந்த பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்தேன். எனக்குச் சொந்த ஊர் கடலூர்ப் பக்கம், இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊர். பிரெஞ்சில் நன்றி சொல்லும் 'மெர்சி'க்கு மேல் தெரியாது. ஆனால் உள்ளே சக்கரப் படம் இருந்தது. திருகாணிப் படம் இருந்தது. போதாதா? விரலை வைத்துக் கணீரென்று படித்தேன்.

"வாரம் ஆறு நாள் ஓட்டவும். ஏழாம் நாள் இன்ஜினுக்கு ஓய்வு தேவை. மீறினால் நின்றுவிடும். தோ பாரு, போட்டிருக்கான்."

"அப்படியா போட்டிருக்கான்?" என்று எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "போட்டிருந்தா சரிதாங்க."

மூன்று ஞாயிறு அந்தப் பக்கத்தைப் படித்தேன். மூன்று ஞாயிறு பெத்தாங் ஆடிவிட்டு, ராத்திரியில் திருகாணியைப் பழையபடி முறுக்கினேன். கிருஷ்ணசாமி என்னைக் கட்டிப்பிடித்தான். நாலாம் ஞாயிறு, இறுதிப் போட்டி. அதே நாளில் ரஞ்சிதத்தின் தங்கை கமலாவுக்குக் காலாப்பட்டில் வளைகாப்பு.

அன்றைக்கும் விடியலில் திருகாணியைத் திருப்பினேன். குளித்தேன். இரும்புக் குண்டுகளைப் பையில் போட்டு டிக்கியில் ஒளித்தேன். கார் தெருமுனையில் நின்றதும் நேரே மைதானம்தான்.

தெருமுனை வந்தது. காலை எடுத்தேன்.

நிற்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஜின் பூனை மாதிரி கொர்ரென்று முனகிக்கொண்டிருந்தது. அடுத்த மூலை. காலை எடுத்தேன். ஓடியது. பிரேக் போட்டேன். ஓடியது. ஒரு மாடு குறுக்கே வந்தது. அதற்கு மனதுக்குள் நன்றி சொல்லி நிறுத்தினேன். மாடு போனது. கார் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு காருக்குத் தெரியலியா?"

"மறந்திருக்கும்" என்றேன்.

காலாப்பட்டே வந்துவிட்டது. எனக்கு வளையல் சத்தம் எதுவும் காதில் ஏறவில்லை. இலையில் ஐந்து வகைச் சாதம் இருந்தது. ஒன்றும் இறங்கவில்லை. இரண்டேகால் மணிக்கு நைசாக வெளியே வந்தேன். ஹாண்டிலைச் சுற்றினேன். புர்ர்... பொசுக். மறுபடி சுற்றினேன். பொசுக். ஓட வேண்டாம் என்றால் ஓடுகிறது, ஓடு என்றால் நிற்கிறது! பானெட்டைத் திறந்தேன்.

திருகாணி இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

திருகாணி இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும். ஆள் தேடித் திரும்பினேன். பின்னால் ரஞ்சிதம் நின்றிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே குட்டித் திருகாணி.

"விளக்கு வெச்சதும் தர்றேன்" என்றாள். "மூக்குலயும் காதுலயும் திருகாணி போட்டு வளந்தவங்க நான். எனக்கேவா?"

"எப்படிடி கண்டுபுடிச்சே?"

"என் தையல் ஸ்குரூ டிரைவர்ல பெட்ரோல் வாசனை அடிச்சுது. அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும். இன்னிக்கு நீங்க குளிக்கப் போனதும் நான் திருப்பி முறுக்கிட்டேன். ஸ்குரூ டிரைவரைக் கையோட கொண்டாந்து, இங்க எறங்கினதும் கழட்டியே எடுத்துட்டேன்."

கெஞ்சிக்கொண்டே இருந்ததில் மணி மூன்று அடித்தது. உப்பளத்தில் கிருஷ்ணசாமி யாரோ ஒருவனை என் இடத்தில் நிறுத்திக்கொண்டிருப்பான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் கடைசி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"அது சரி. புஸ்தகத்துல போட்டிருக்கானே, அதுக்கு என்னா சொல்றே?"

"அதை அன்னிக்கே படிச்சேங்க. கன்னியாஸ்திரி மடத்துல ஆறு வருஷம் எங்களுக்குத் தையல் சொல்லிக் குடுத்தது பிரெஞ்சுலதானே."

"அப்ப... அந்தப் பக்கத்துல நெஜமா என்னாதான் போட்டிருக்கான்?"

"ஊசியில நூல் கோக்கறது எப்படின்னு போட்டிருக்கான். அது தையல் மெஷின் புஸ்தகங்க."