சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

செத்தாலும் இனி அலங்காநல்லூர்ப் பக்கம் போவதில்லை என்று சிவபாண்டி தீர்மானம் போட்டது போன பொங்கலுக்கு. போட்ட இடம், மாமியார் ஒச்சம்மாள் வீட்டு வைக்கோல் படப்பின் உச்சி.

மச்சான் சோலை வளர்க்கிற மயிலைக்காளைக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டே செல்ஃபி எடுக்கப் போனார். காளைக்குப் பழம் பிடித்தது. செல்ஃபி பிடிக்கவில்லை. வேட்டி கொம்புக்குப் போனது, சிவபாண்டி படப்புக்குப் போனார். சோலை கீழே நின்று வீடியோ எடுத்து, உறுமி மேளம் சேர்த்து ஸ்டேட்டஸ் போட்டார். அந்த வீடியோவில் மானத்தோடு இருந்தது சிவபாண்டியின் தலைமுடி ஒன்றுதான். அம்புட்டு அமளியிலும் வகிடு கலையவில்லை. கலையாது. அந்த முடிக்கு அவர் செய்கிற சவரட்சணையைப் பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள்.

அதற்கப்புறம்தான் பெத்தானியாபுரத்தில் அவர் வீட்டு வாசலுக்கு அந்தப் பழைய சின்னக் கார் வந்தது. வந்தது என்று மரியாதைக்குச் சொல்வது. குட்டியானை லாரியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். விலை, ஒரு நல்ல செல்போன் அளவு. வெள்ளைக் கார், டீ வடிகட்டி நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு கதவு மட்டும் சிவப்பு. ஏதோ வேறு குடும்பத்திலிருந்து தத்தெடுத்த கதவு.

மனைவி சரண்யாதேவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"காரு."

"அது தெரியுது. மிச்சம் எங்க?"

"மிச்சத்த நானே சரி பண்ணிருவேன். யூடியூப்ல எல்லாம் இருக்கு."

"அப்ப யூடியூப்லயே ஓட்டிக்கிற வேண்டியதுதான."

மழைக்காலம் முழுக்க ரிப்பேர் நடந்தது. இட்லிச் சட்டியில் நட்டும் போல்ட்டும் மண்ணெண்ணெயில் ஊறின. பிளக்கைத் தேய்த்த பழைய டூத் பிரஷ் பழையது இல்லை என்பது மறுநாள் காலை சரண்யாதேவி பல் விளக்கும்போது தெரிந்தது. ஆனாலும் அவள்தான் டார்ச் பிடித்தாள். காருக்கு அடியிலிருந்து "பன்னெண்டு" என்று கை நீளும். "பன்னெண்டு பத்தாது, பதினாலு" என்று ஸ்பேனர் வரும். பதினாலுதான் சரியாக இருக்கும்.

ஒரு மார்கழிக் காலையில் கார் இருமியது. செருமியது. தாத்தா தும்முவதுபோல் ஒரு தும்மல் போட்டு, ஓட ஆரம்பித்தது. தெருவே வந்து பார்த்தது. சிவபாண்டி கிரீஸ் கையோடு வகிட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள் சரண்யாதேவி. "பொங்கலுக்கு இதுலயே அம்மா வீட்டுக்குப் போயிருவோம். அண்ணன் காளை இந்த வருசம் வாடிவாசல்ல இறங்குது."

சிரிப்பு அப்படியே நின்றது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே காளவாசலில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற கூட்டாளி தவ்பீக்கிடம் போய் நின்றார்.

"சீட்டுக்கு அடியில ஒரு கள்ளச் சுவிட்ச் போட்டு விடு மாப்ள. தட்டுனா இஞ்சின் ஆஃப் ஆகணும். யாருக்கும் தெரியக் கூடாது. திருட்டுப் பயம்."

தவ்பீக் காரைப் பார்த்தார். சிவப்புக் கதவைப் பார்த்தார். "யா அல்லா. இத எவன் மாப்ள திருடுவான்? திருடுனவனே மனசு கேக்காம கொண்டாந்து விட்டுட்டு, கைச்செலவுக்கும் குடுத்துட்டுல்ல போவான்."

"போடுறியா, இல்லையா?"

போட்டார். அதற்கப்புறம் அந்தக் காருக்கு இரண்டு குணம் வந்துவிட்டது. சிவபாண்டி கறித்தோசைக்குக் கிளம்பினால் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அலங்காநல்லூர் என்று சொன்னால் போதும், அவர் செருப்பைச் சரிசெய்யக் குனிவார், கார் கெக் என்று அடங்கும்.

பொங்கலுக்குக் கரும்பு வாங்கக் காளவாசல் போனார்கள். நடுச் சிக்னலில் சரண்யாதேவி, "அப்படியே அம்மாவுக்கு எடுத்த சீலையக் குடுத்துட்டு வந்துருவமா" என்றாள். சிவபாண்டி குனிந்தார். கெக்.

பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, அத அங்குட்டு ஓரங்கட்டிட்டுப் பெறவு கும்புடுங்கண்ணே. ஆறாம் நம்பரு வெயிட்டிங்."

வேறு வழி? அவளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு, இவர் பின்னால் இறங்கித் தள்ளினார். காளவாசலிலிருந்து வீடுவரைக்கும் தள்ளினார். நாக்கு முட்டிவரை தொங்கியது. பூக்காரம்மா, "பொஞ்சாதிய வச்சுத் தேரு இழுக்குறாருப்பா" என்று வழிவிட்டாள். சரண்யாதேவி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் இறங்கியதும் பெருமூச்சு விட்டாள். "இதுல ஏதோ குத்தம் இருக்குங்க. பாண்டி முனிகிட்ட நேர்ந்துக்கிறேன். வண்டிய ஓட வைக்கட்டும்."

சிவபாண்டிக்கு உள்ளுக்குள் குலவை. முனி என்ன செய்யும்? சுவிட்ச் அவர் சீட்டுக்கு அடியில் அல்லவா இருக்கிறது? "நேர்ந்துக்க தேவி. சின்னதா வேணாம். நல்லாப் பெருசாவே நேர்ந்துக்க."

மாட்டுப் பொங்கல் காலை. மூட்டை முடிச்சு ஏறியது. அவர் குனிந்து நிமிர்ந்து சாவியைத் திருகினார். கார் கல் மாதிரி நின்றது. முகத்தைத் தொங்கப்போட்டார். சரண்யாதேவி போனை எடுத்துச் சோலையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, குட்டியானைய எடுத்துக்கிட்டு வாரீகளா? ஆமாண்ணே, இந்தக் கார ஏத்திக் காயலாங்கடையில போட்டுட்டு, அதுலயே ஊருக்கு வந்துர்றோம்."

அவர் ஊறவைத்த நட்டு. அவர் தேய்த்த பிளக்கு. இருமல் நிறுத்தி, குளிப்பாட்டி, ஆளாக்கிய கார். கிலோக் கணக்கில் தராசில் ஏறுவதா?

"இரு, இரு. கடைசியா ஒருக்கா பாக்குறேன்."

குனிந்தார். செருப்பைச் சரிசெய்தார். சாவியைத் திருகினார். கார் பாடியது.

சரண்யாதேவி போனை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாண்டி அய்யா, என் வாக்கக் காப்பாத்திட்ட. மொத கோயிலுக்கு விடுங்க. அப்புறம் ஊருக்கு."

"என்ன தேவி நேர்ந்த? தேங்காயா?"

"நீங்கதான பெருசா நேர்ந்துக்கச் சொன்னீங்க. உங்க முடி."

சிவபாண்டியின் கை தன்னால் தலைக்குப் போனது. "என் முடிய நேர உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"அப்ப வேணாம்னு நீங்களே முனிகிட்ட சொல்லிருங்க."

பாண்டி முனி துடியான சாமி. மதுரையில் பிறந்த எவன் அதைச் சொல்வான்? சுவிட்சைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மயிர் போகும். பாண்டி கோயில் வரைக்கும் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். கார் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. இன்றைக்குப் பார்த்து.

மொட்டை போடுகிறவர் தண்ணீர் தெளித்தார். கத்தி நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு ரோடு போட்டது. முதல் கொத்து முடி மடியில் விழுந்ததும் சிவபாண்டி உடைந்துவிட்டார்.

"அது சாமி இல்ல தேவி, நாந்தான். அலங்காநல்லூருக்கு வரப் பயந்துக்கிட்டு, சீட்டுக்கு அடியில சுவிட்ச் போட்டு வச்சிருந்தேன்."

கத்தி நின்றது. "அம்மா, நிறுத்திரவா?"

"பாதியிலயா? நீங்க வழிங்கண்ணே" என்றாள் சரண்யாதேவி, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே. "சுவிட்ச் எனக்குத் தெரியும்ங்க."

"எப்பருந்து?"

"காளவாசல்லருந்து தள்ளிக்கிட்டு வந்தீங்கல்ல, பாலம் தாண்டுறதுக்குள்ளயே கால்ல தட்டுப்பட்டுச்சு. போட்டுப் பாப்பமான்னு நெனச்சேன். நீங்க நல்லாத் தள்ளிக்கிட்டு வந்தீங்க, சரின்னு விட்டுட்டேன்."