தறப்பாளர் மலைக்குப் போன கதை

வன்னியில் பிறந்து, வன்னியிலேயே நரைத்து, ஒரு மலையைக்கூடக் கிட்டப் போய்ப் பார்க்காமல், மலைப் பயணம் எப்படிப் போகவேண்டும் என்று ஊருக்கே வகுப்பெடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தறப்பாளர்.

கனகராயன்குளத்தில், கண்டி வீதியோரம் இருந்த ஓர் அரிசி மில்லில் நான் சில வருடங்கள் கணக்கெழுதினேன். தறப்பாளருக்கு அங்கே நெல் காயவிடும் வேலை. வானத்தில் ஒரு முகில் தலைகாட்டினால் போதும், சீமெந்துத் தளத்தில் பரப்பிய நெல்லைத் தறப்பாள் போட்டு மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு நிற்பார். அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அது பாதிதான். மற்றப் பாதி அவருடைய சைக்கிள் கரியரில் இருந்தது. மடித்துக் கட்டிய ஒரு நீலத் தறப்பாள். அது மில்லுடையது அல்ல, அவருடைய சொந்தம். குளம் வற்றி மாடுகள் தண்ணீருக்கு அலைகிற கோடையிலும் அது இல்லாமல் சந்திக் கடைக்குக்கூடப் போகமாட்டார். ஒருமுறை கல்யாண வீட்டுக்கு அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக, அன்பளிப்பு என்று நினைத்து மாப்பிள்ளையின் தாய் இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்துவிட்டார். சாப்பாடு முடியும்வரை தறப்பாளர் அந்த மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போகும்போது எப்படியோ எடுத்துக்கொண்டுதான் போனார்.

நல்ல செய்தி கேட்டால் முகம் கறுக்கிற மனிதர் அவர். விளைச்சல் நன்றாக இருக்கிறது என்றால், "இப்பிடித்தான் அந்த வரியமும் விளைஞ்சது" என்பார். எந்த வருடம் என்று எங்களில் ஒருவரும் கேட்கமாட்டோம்.

ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில், மெசின் ஓட்டும் றஜீவன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். மாத்தளைக்கு அப்பால் ஏதோ ஒரு மலையிடுக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் முழங்கால் அளவு தண்ணீர், அதற்குள் யாரோ கொழும்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். காலையில் ஒரு பக்கத்தால் இறங்கினால் பின்னேரம் மற்றப் பக்கத்தால் ஏறிவிடலாமாம். மில் மூடுகிற நாளொன்றில் நாங்களும் போவோம் என்றான். லொறி ஓட்டும் நிஸ்தார் நானா தன் மச்சானின் வானைக் கொண்டுவருவதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். தறப்பாளர் போனை வாங்கி மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். திருப்பிப் போடச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

"வெளிய வாற பாதை எத்தினை?"

"போற பக்கம் ஒண்டு, வாற பக்கம் ஒண்டு அண்ணை" என்றான் றஜீவன்.

"ரெண்டையும் அடைச்சா?"

"ஆரண்ணை அடைக்கிறது? அது மலையல்லோ."

"அடைக்கிறவன் சொல்லிப்போட்டே அடைக்கிறவன்?"

தேத்தண்ணி ஆறிப்போனது. இந்த மனிதரை விட்டுவிட்டுப் போனால்தான் பயணம் பயணமாக இருக்கும் என்று நாங்கள் மூவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். மறுநாள் காலையில் சைக்கிளை நிறுத்த முதலே அவர் சொன்னார்: "நானும் வாறன். மனிசியும் வாறா."

மனைவியும் வருகிறாரா? தறப்பாளரையும் அவர் மனைவி மலரக்காவையும் ஒன்றாக வெளியில் கண்டவர் ஊரில் கிடையாது. அவர் மில்லுக்கு வந்தால் அக்கா வீட்டில். அக்கா கடைக்குப் போனால் அவர் வீட்டில். கோவிலுக்கும் செத்த வீட்டுக்கும் ஆள் மாறித்தான் வருவார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. உண்மை வேறு. கடைசியாக அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டது சண்டைக் காலத்தில். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் பூட்டியது. திரும்பி வரும்போது வருடங்கள் போயிருந்தன. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டும் இருந்தன. வீட்டுத்திட்டத்தில் புது வீடு கிடைத்த பிறகு, மலரக்கா அதன் கதவைப் பூட்டவே விடவில்லை. யாராவது ஒருவர் உள்ளே இருக்கவேண்டும்.

அன்றைக்கு நெல் கிளறிக்கொண்டிருந்தவரிடம் போய், எதற்காக இந்த ஆசை என்று கேட்டேன்.

"தம்பி, ஒருக்கா. ஒரே ஒருக்கா. காலமை வீட்டைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் போகவேணும். அண்டைக்கே வந்து திறக்கவேணும். அவ்வளவுதான்."

"அதுக்கு வவுனியாவுக்குப் போட்டு வரலாமே அண்ணை? பஸ் வாசல்ல நிக்குது."

"பஸ்ஸில போறதெல்லாம் ஒரு போக்கே? நடந்து போகவேணும், தம்பி. ரெண்டு பக்கமும் விலக இடமில்லாத வழியால நடந்து போய், போன அவ்வளவு பேரும் வெளிய வரவேணும்." கொஞ்ச நேரம் நெல்லைக் கிளறினார். "அப்ப நாங்கள் நாலு பேராப் போனனாங்கள்."

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருந்த சண்டையின் கடைசி நாட்களில் சனம் நடந்த அந்த ஒடுங்கல் வழியைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. வெளியே வந்தது அவரும் அக்காவும் மட்டும்தான்.

அதன் பிறகு திட்டமிடும் பொறுப்பு முழுக்க அவர் கைக்குப் போனது. நாங்கள் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ஒருநாள் நடைக்கு அவர் கட்டச் சொன்ன சாமான்களைக் கேட்டால் சிரிப்பு வரும், வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அரிசி, பருப்பு, உப்பு, ஒரு பானை, மண்ணெண்ணெய், பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, பாய், வாளி, மண்வெட்டி.

"மண்வெட்டி எதுக்கண்ணை?" என்றான் றஜீவன்.

"பங்கர் வெட்ட."

"அது முழுக்கக் கல்லண்ணை!"

தறப்பாளர் திகைத்துப் போனார். பதுங்குகுழி வெட்ட முடியாத இடத்துக்கு மனிதர் விரும்பிப் போவார்களா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டு திரிந்தார். மண்வெட்டி மட்டும் மூட்டையை விட்டு இறங்கவில்லை.

அடுத்தது பத்திரங்கள். அடையாள அட்டை, காணிப் பெர்மிட், பிறப்பு அத்தாட்சி எல்லாவற்றையும் பையில் போட்டு உடம்போடு கட்டவேண்டும் என்றார்.

"குளிக்கப் போற இடத்துக்குப் பிறப்பு அத்தாட்சி எதுக்கண்ணை?" என்று நான் கேட்டேன்.

"நீர் பிறந்தனீர் எண்டு அங்க ஆருக்குத் தெரியும்?"

கணக்கு எழுதுகிறவன் நான். அன்றிரவே பிறப்பு அத்தாட்சியைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன்.

இவ்வளவுக்கும் நிஸ்தார் நானா ஒரு மூலையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பூர்வீகம் முல்லைத்தீவு. சின்ன வயதில், மற்ற முஸ்லிம் சனத்தைப் போலவே அங்கிருந்து குடும்பத்தோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பிறகு வவுனியாவுக்கு வந்தவர். "நானா, உங்கட மூட்டை எங்க?" என்று தறப்பாளர் கேட்டார்.

நானா சிரித்தார். "அண்ணை, நீங்கள் எல்லாம் மூட்டை கட்டிப் போன ஆக்கள். எங்களுக்குக் கட்ட விடேல்லையே. நாங்கள் கை வீசிக்கொண்டு போய்ப் பழக்கம்."

தறப்பாளர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அடுத்த நாள் வரும்போது ஒரு உரப்பையை நன்றாகக் கழுவி, உள்ளே பிஸ்கற், சாரம், துவாய், மருந்து எல்லாம் வைத்து, வாயைக் கட்டி, நானாவின் மடியில் வைத்தார். நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அந்தப் பையை லொறியின் முன் சீற்றில், தன் பக்கத்தில் ஆளை இருத்துவது போல இருத்தினார்.

பிறகு ஒத்திகை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் குளக்கட்டு ஒன்றுதான். பின்னேரங்களில் மூட்டைகளோடு எங்களை அதில் ஏற்றி இறக்கினார். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது, யார் யாருக்காக எவ்வளவு நேரம் நிற்பது, யார் நிற்காமல் போகவேண்டும் என்றெல்லாம் பாடம் நடந்தது. வீதியால் போன ஒரு கிழவர் எங்களைக் கண்டுவிட்டு, சைக்கிளில் இருந்து பாய்ந்து இறங்கி, "என்ன தம்பியவை, திரும்பவும் தொடங்கீட்டுதே?" என்று கேட்டார். அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்து, மலைக்கு உல்லாசமாகப் போகிறோம் என்று நம்பவைக்கப் பெரும்பாடு பட்டோம். எங்களைப் பார்த்து யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

போகிற நாள் விடியப்புறம் வான் அவர் வீட்டு வாசலுக்குப் போனது. தறப்பாளர் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். எங்கள் சாப்பாட்டுப் பார்சல்களையும் வாங்கி முறைப்படி அடுக்கினார். வான் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. மலரக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். ஏற்றிய மூட்டைகளைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே படியில் இருந்துவிட்டார்.

"நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ. நான் வீட்டைப் பாக்கிறன்."

தறப்பாளர் கெஞ்சினார். றஜீவன் கெஞ்சினான். வேண்டுமானால் நான் காவலுக்கு நிற்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லை, பூட்டிப்போட்டுத்தான் போறது" என்று தறப்பாளர் என்மேல் பாய்ந்தார். அக்கா எழும்பவில்லை. "மூட்டை கட்டிப் போனா வரேலாது. எனக்குத் தெரியும்" என்றார்.

தறப்பாளர் வானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு ஏற்றிய சாமான்களை இறக்கத் தொடங்கினார். பானையை, பாயை, மண்வெட்டியை, அரிசியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். கடைசியாக அந்த நீலத் தறப்பாளையும் கொண்டுபோய்க் கதிரையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார்.

"இஞ்ச பாருமப்பா. எல்லாம் உள்ளுக்க கிடக்கு. சாமானை விட்டிட்டு நான் எங்கையாவது போனனானே? கட்டாயம் திரும்பி வருவம்."

அக்கா கன நேரம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிக் கதவைப் பூட்டினார்.

நிஸ்தார் நானா மட்டும் தன் பையை இறக்க விடவில்லை. "எனக்கு எண்டு ஒருத்தர் கட்டித் தந்த முதல் மூட்டை, அண்ணை. நான் தரமாட்டன்" என்றார். அது எங்கள் நல்ல காலம். தறப்பாளர் இறக்கிய வேகத்தில் சாப்பாட்டுப் பார்சல்களும் வீட்டுக்குள் போய்விட்டன என்பது தம்புள்ளையில்தான் தெரியவந்தது. அன்று முழுவதும் நாங்கள் உயிர் வாழ்ந்தது நானாவின் பையில் இருந்த பிஸ்கற்றில்.

மலையிடுக்கு வீடியோவில் பார்த்தது போல வடிவாகத்தான் இருந்தது. கூடவே வீடியோவில் வராத அட்டைகளும் இருந்தன. இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் தூறல் வேறு பிடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தறப்பாளர் தறப்பாள் இல்லாமல் நனைந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தலைகளை எண்ணினார். மலரக்காவோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். "தண்ணி நல்ல குளிர்" என்றார். அக்கா ஒன்றை நல்லது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பாதை மிக ஒடுங்குகிற இடம் ஒன்று வந்தது. இரண்டு பாறையும் தோளில் உரசும். மேலே வானம், கிழித்த துணி போல ஒரு கீலம். தறப்பாளர் அதற்குள் கால் வைத்தவர் நின்றுவிட்டார். முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கூப்பிட்டோம், தட்டினோம், ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. மலரக்கா திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"இஞ்சருங்கோ. அங்கால வெளிச்சம் தெரியுது. வாங்கோ."

குழந்தையைக் கூட்டிப்போவது போலத்தான் கூட்டிப்போனார். வெளியே வந்ததும் தறப்பாளர் எங்களை வரிசையாக நிறுத்தி, விரல் நீட்டி எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "போனதும் ஐஞ்சு, வந்ததும் ஐஞ்சு" என்றார். பிறகு ஒரு கல்லில் இருந்து வாய்விட்டு அழுதார். நாங்களும் அழுதோம். ஏன் மறைக்கவேண்டும்?

பொழுது பட்டு வீடு வந்து சேர்ந்தோம். மலரக்கா கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். தறப்பாளர் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் வைச்ச இடத்திலதான் கிடக்கு" என்று முறைப்பாடு சொல்வது போலச் சொன்னார். எங்களுக்குக் குசினியில் தேத்தண்ணி கொதித்தது.

அன்றோடு ஒரு சட்டம் போட்டார். எங்களில் யார் எங்கே போனாலும், திரும்பி வந்ததும் அவருக்குப் போன் எடுத்துச் சொல்லவேண்டும். நான் மில்லை விட்டு வவுனியாவுக்கு வந்த பிறகும் அந்தச் சட்டம் தொடர்ந்தது. நான் கொழும்புக்குப் போய்வந்து, களைத்துச் செத்து, மறந்து படுத்தால், விடிய அவரே எடுத்துப் பேசுவார். நல்ல பேச்சாக இராது.

போன மாரியில் தறப்பாளர் இறந்துபோனார். தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கட்டிலில், நித்திரையில் போனார். எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போய்விட்டு வந்தேன். செருப்பைக் கழற்ற முதலே கை தன்பாட்டில் அந்த நம்பரை அழுத்திவிட்டது. மணி போகத்தான் நினைவு வந்தது. வெட்டுவதற்குள் மலரக்கா எடுத்துவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "அக்கா, நான் வந்திட்டன்" என்றேன்.

"ஓம் தம்பி" என்றார். "நான் சொல்லிவிடுறன்."

இப்போதும் எங்கே போய்வந்தாலும் முதலில் அங்கேதான் போன் எடுக்கிறேன். அந்த மனிதரைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வருவதில்லை.