சந்தேகம் பாயும் என் மகளின் லைசென்ஸும்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட, "யாரு சொன்னா? நீங்க பாத்தியளா?" என்று கேட்கக்கூடிய மனிதர் பஹ்ரைனில் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சந்தேகம் பாய். கீழக்கரைக்காரர். இங்கே குதைபியா ஏரியாவில் ஒரு கஃபட்டீரியாவுக்கு மேல் மாடியில் கார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருந்தார். வாசல் போர்டில் அவருடைய சொந்தப் பெயர் பெரிய எழுத்தில்தான் இருந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கீழேயிருந்து தினமும் டீ வரும். அதே கடை, அதே டீ. ஆனாலும் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஏ.சி.யைப் போட்டுவிட்டு எழுந்து போய், காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார். கதவைப் பூட்டிப் பாதிப் படி இறங்கியவர் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுப்பார். இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் கீர்த்தனாவின் பெயரை எங்கள் கார் பாலிசியில் சேர்க்கச் சொல்லிப் போய் நின்றேன்.

என் கணவருக்கு சவூதியில் சைட் வேலை. கடல் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போனால் வியாழக்கிழமை இரவுதான் வீடு திரும்புவார். எனக்கு டிரைவிங் வராது. டெஸ்ட் எடுத்த அத்தனை அதிகாரிகளும் அதில் ஒரே கருத்தோடு இருந்தார்கள். கீர்த்தனாவுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸும் வந்துவிட்டது, ஈசா டவுன் பக்கம் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. காரோ வாரம் முழுக்க பேஸ்மென்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாலிசில அவ பேரு ஏறட்டும், சாவியக் குடுக்கறேன். இல்லீன்னா கோயமுத்தூர்ல ஹாஸ்டல் பாத்துரலாம்" என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். இருப்பதே ஒரு பெண். அவளையும் கடல் தாண்டி அனுப்பிவிட்டு அந்த ஃப்ளாட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? வேறு ஏஜென்ட்டிடம் போகவும் வழியில்லை. பாலிசி இவர் மூலமாக எடுத்தது.

பாய் லைசென்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் காட்டினார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"முத தடவையிலயே பாஸா?"

"ஆமா பாய்."

"இந்த ஊர்லயா?"

"ஆமா பாய்."

"போட்டோல வேற சிரிக்குது. லைசென்ஸ் போட்டோல யாரு தங்கச்சி சிரிக்கிறா?" என்றவர், கீர்த்தனா பக்கம் திரும்பினார். "காலேஜ் விட்டு வரும்போது எத்தன பிரெண்ட்ஸ ஏத்துவ?"

"யாரையும் ஏத்த மாட்டேன் அங்கிள்."

"பிரெண்டே இல்லாத பிள்ளையா? அதுதான் எனக்குப் பயமா ஈக்குது!"

கீர்த்தனா மிரண்டுவிட்டாள். "இல்ல அங்கிள், ரெண்டு பேர் இருக்காங்க."

"பாத்தியளா தங்கச்சி? இப்பத்தான் உண்ம வருது!" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காரை நேரில் பார்க்காமல் பேரைச் சேர்க்கும் பேச்சே இல்லை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக எங்கள் பேஸ்மென்ட்டுக்கு வந்தார். செல்போன் வெளிச்சத்தில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். டயரைத் தட்டினார். டிக்கியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்பக்கக் கதவில் இருந்த நீளமான கீறலிடம் வந்ததும் அப்படியே குந்திவிட்டார்.

"இது பிள்ள போட்டதா?"

"ஐயோ, நான் இல்ல அங்கிள்! ப்ராமிஸ்!"

என் கணவர் முன்னால் வந்தார். "அவ இல்லீங்க பாய். ஹைப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டானுங்க." என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். நானும் அந்த எவனோ ஒருவனை ஒரு மாதம் வாய் வலிக்கத் திட்டியிருந்தேன்.

பாய் எழுந்து, எங்கள் பார்க்கிங்கை ஒட்டியிருந்த தூணிடம் போனார். கைக்குட்டையால் அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். இடுப்பு உயரத்தில், எங்கள் காரின் அதே மெரூன் நிறத்தில் ஒரு பட்டை பளிச்சென்று தெரிந்தது.

"ஏன் சார், இந்தத் தூணு ஹைப்பர் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துச்சா?"

கணவர் திடீரென்று போனில் எதையோ தேட ஆரம்பித்தார். அன்று வீட்டில் என்ன நடந்தது என்பது பத்திரிகையில் எழுதக்கூடியதில்லை.

அடுத்தது ஓட்டிக் காட்டும் படலம். தான் முன்னால் உட்கார்ந்தால் ஓட்டுகிற பிள்ளை நடிக்கும் என்று சொல்லி, பாய் பின் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தெரு முனையில் திடுதிப்பென்று, "லெஃப்ட்ல திருப்பு, திருப்பு, யல்லா, சீக்கிரம்!" என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது நோ என்ட்ரி அங்கிள்" என்றாள் கீர்த்தனா, ஸ்டியரிங்கை அசைக்காமல்.

ரவுண்டானாவில் நிறுத்திக் காத்திருந்தாள். "எதுக்கு நிக்கிற?" என்று அதட்டினார். உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று அவள் அமைதியாகச் சொன்னாள். பாய் என் காதருகே குனிந்தார். "இவ்வளவு சட்டம் தெரிஞ்ச பிள்ள எதையோ மறைக்கும் தங்கச்சி. கொஞ்சம் பாத்துக்குங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பாக ஓட்டினாலும் குற்றம், ஒழுங்காக ஓட்டினாலும் குற்றம் என்றால் என் பெண் என்னதான் செய்வாள்? ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பாயிடமிருந்து போன் வந்தது.

"பேர ஏத்திட்டேன் தங்கச்சி. ஆனா நம்பி ஏத்தல."

கீர்த்தனா காலேஜ் போக ஆரம்பித்தாள். சில மாதம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து அழுகையோடு போன். சிவப்பு சிக்னலில் நின்றிருந்தவளைப் பின்னால் வந்த பிக்கப் இடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர்தான் போயிற்று. ஆனால் பிக்கப்காரன், அவள்தான் ரிவர்ஸில் வந்து மோதினாள் என்று சாதிக்கிறான். இங்கே சின்ன மோதல் என்றால் இன்ஷூரன்ஸ் ஆபீஸில்தான் யார் மேல் தப்பு என்று முடிவாகும்.

நான் டாக்சி பிடித்து அந்த ஆபீஸுக்குப் போவதற்குள் விஷயம் தெரிந்து கணவர் சவூதியிலிருந்து கூப்பிட்டுவிட்டார். "அவ மேல தப்புன்னு வந்துச்சுன்னா சாவி எங்கைக்கு வந்துரோணும். இந்த செமஸ்டரோட கோயமுத்தூர்தான்."

கீர்த்தனாவும் பிக்கப்காரனும் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார்கள். கவுன்டரில் இருந்தவர் நம் ஊர்க்காரர்தான். லைசென்ஸ் தேதியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "புது லைசென்ஸ். பதினெட்டு வயசு. பதட்டத்துல ரிவர்ஸ் விழுந்திருக்கும்மா." கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சந்தேகம் பாய் உள்ளே நுழைந்தார். போகிற வழியில் நான் போன் செய்திருந்தேன். இவர் வந்து இன்னும் என்ன கிளறப் போகிறாரோ என்ற பயமும் எனக்கு இருந்தது. அவர் நேராகக் கவுன்டரில் கையை ஊன்றினார்.

"தம்பி, இந்தப் பிள்ளைய நான் முழுசா சந்தேகப்பட்டு முடிச்சாச்சு. ஒண்ணும் மிச்சமில்ல. நீங்க புதுசா ஆரம்பிக்காதிய. இப்ப இவரப் பாப்போம்."

பிக்கப்காரனிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். இந்தியில் அவ்வளவு கனிவாகக் கேட்டார். "பாவம் பாய் நீ. மத்தியான டூட்டி. அந்த நேரத்துலதான் சூப்பர்வைசர் விடாம போன் அடிப்பான், இல்லையா?"

அந்த மனிதன் உருகிவிட்டான். "அத ஏன் கேக்கறீங்க பாய்! நான் எடுத்து 'வந்துட்டே இருக்கேன்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள, முன்னால நின்ன இந்தக் காரு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கலாஸ், முடிஞ்சு போச்சு" என்று எழுந்தார் பாய். கவுன்டர்காரர் பேனாவை எடுத்தார். தப்பு பிக்கப்காரன் மேல்தான் என்று அவர் எழுதி முடிக்கும்வரை, பாய் அவர் தோளுக்கு மேலாக எட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் கீர்த்தனா விசும்பிக்கொண்டே "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். அவளை ஏறச் சொல்லி, சீட் பெல்ட்டைப் போடச் சொல்லி, அது மாட்டியிருக்கிறதா என்று தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகும் போகவில்லை. நாங்கள் மெயின் ரோட்டில் திரும்பும்வரை வெயிலில் நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் மேல் இவ்வளவு அக்கறையாகச் சந்தேகப்பட இந்த ஊரில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்!