திறக்க மறுத்த வலன்ரைனின் ஊர்

பேசாலை,
12.10.2007

பெருமதிப்புக்குரிய மச்சான் தோமஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கிறேசின் புருஷன் யாகப்பர் எழுதுவது. கடிதத்தை நலம் என்றுதான் தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடியால், நாங்கள் நலம். திருச்சியில் உங்களுக்கும் மச்சாளுக்கும் மடு மாதா ஒரு குறையும் வைக்கமாட்டா என்று நம்புகிறேன்.

எங்கள் மகன் வலன்ரைன் காணாமற்போய் இன்றைக்கு ஏழு மாதமும் ஐந்து நாளும் ஆகிறது. காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டவன். சைக்கிள் மட்டும் கடற்கரையில் ஒரு மீன்வாடிக் கொட்டிலில் சாத்தியபடி கிடைத்தது. வள்ளம் ஏறினானா, யாரும் ஏற்றிக்கொண்டு போனார்களா என்று சொல்ல ஆளில்லை. புதிதாக எழுத ஒன்றும் இல்லாதபடியால்தான் இவ்வளவு நாளும் உங்களுக்கு எழுதவில்லை. இப்போது ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முதல் நான் செய்த மடைத்தனத்தைச் சொல்லவேண்டும்.

அவனுடைய கொம்பியூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு தீவில் ஊர் கட்டி, தானியம் விளைவித்து, மதில் எழுப்பி, படை வைத்து, கடலால் வருகிற எதிரியை அடிக்கவேண்டும். அவன் போன கிழமையே கிறேஸ் அந்தக் கதிரையில் குந்திவிட்டாள். அவன் விளையாடும்போது பின்னால் இருந்து மீன் வெட்டிக்கொண்டே பார்த்துப் பழகியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது. நான் பார்த்தபோது அவள் ஊரின் இருநூறு போர்வீரரையும் கலைத்து மீன்பிடிக்க விட்டிருந்தாள். படையில்லாத ஊருக்கு எதிரி வராமல் விடுவானா? வருவான், எரிப்பான், பத்துப்பேர் சாவார்கள். உடனே அவள் ஒரு விசையை அமத்துவாள். ஊர் பழையபடி முந்தின நிலைக்கு வந்து, செத்தவன் எழும்பி உழுதுகொண்டு நிற்பான். அவளுக்குத் தெரிந்தது அந்த இரண்டு விசைதான். ஒன்று ஊரைச் சேவ் பண்ணி வைக்க, மற்றது வைத்ததைத் திரும்ப எடுக்க. காலையில் “தொடர்” என்ற இடத்தைத் தட்டுவாள், பின்னேரம் வைத்துவிட்டு எழும்புவாள். இந்த ஏழு மாதத்தில் அந்த ஊரில் ஒரு சனம் சாகவில்லை, மச்சான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவள் ஊரைச் சேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போது நான் தண்ணி மோட்டர் போடவேண்டும் என்று பிளக்கை இழுத்துவிட்டேன். இந்த நேரத்தில் நிறுத்தவேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தது. தலைமன்னார் ஸ்டேஷனில் இருபத்தாறு வருஷம் ரிக்கற் கொடுத்த எனக்கு அந்த இங்கிலீசு விளங்காமல் இல்லை. வாசித்துவிட்டுத்தான் இழுத்தேன். தண்ணித் தாங்கி நிரம்பியது. திரும்பக் கொம்பியூட்டரைப் போட்டபோது, கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்று வந்தது. கிறேஸ் எழும்பிப்போய்க் குசினியில் நிலத்தில் இருந்தாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, அடுத்த நாளும் மூட்டவில்லை.

நான் திருத்தத் தொடங்கினேன். அந்தத் “தொடர்” என்ற இடத்தைப் பதினான்கு தரம் தட்டினேன். பதினான்கு தரமும் அதே பதில். பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினேன், உள்ளே இருந்து ஒரு பல்லி ஓடியது, குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்று கிறேசைக் கூப்பிட்டேன், அவள் வரவில்லை. பழுதான கோப்பைத் தேடிப்பிடித்தேன், அதன் அளவு சைபர் என்று காட்டியது, பேரை மாற்றினேன், சைபருக்குப் பேர் மாற்றி என்ன ஆகும், ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு மகனுடைய சீடீயைப் போட்டு விளையாட்டை முழுதாக எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றுவோம் என்று வெளிக்கிட்டேன். அது என்னிடம் மரியாதையாகக் கேட்டது, சேவ் பண்ணி வைத்த எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று. பழைய ஊத்தைகளைக் கேட்கிறது என்று நினைத்து ஓம் என்று அமத்தினேன். மகன் வைத்த பழைய கோப்புகள் அதற்குள் ஒரு பட்டியலாகக் கிடந்திருக்கின்றன. அப்படிப் பட்டியல் ஒன்று இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பெட்டியை நான் உடுக்கிற சாரத்தில் சுற்றிச் சைக்கிளில் கட்டி மன்னார் டவுனுக்கு வெளிக்கிட்டேன். ஆமி சென்றியில் மறித்து இதற்குள் என்ன என்று கேட்டார்கள். பயத்தில் உள்ளதை அப்படியே என் ரெயில்வே சிங்களத்தில் சொன்னேன். ஒரு ஊர் இருக்கிறது, நாலாயிரம் சனம், முந்தி ஆமி இருந்தது, இப்போது இல்லை, என் மனுசி அனுப்பிவிட்டா. இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருத்தி வைத்தார்கள். கடைசியில் பெரியவர் ஒருவர் வந்து விசாரித்து, விளையாட்டின் பேரைக் கேட்டு, சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிறவர் மர்சூக். கொண்டச்சி ஆள். பன்னிரண்டு வருஷம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு வந்தவர். நான் செய்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: “ஐயா, நீங்க அழிச்சது உடனே அழிஞ்சு போகாது. மேல வேற ஒண்டு எழுதுமட்டும் கீழ கிடக்கும். இனி வீட்டில ஒண்டையும் தொடாதேங்கோ. பெட்டி இஞ்சயே இருக்கட்டும்.”

ஒன்பது நாள் எடுத்தார். போன செவ்வாய் கிறேசையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரேயொரு கோப்பு முழுதாக வந்திருந்தது. அவள் காத்த ஊர் இல்லை அது. மகன் விட்டுப்போன ஊர், சின்னது, இருநூறு போர்வீரரும் மதிலில் நிற்கிறார்கள். மர்சூக் கோப்பின் திகதியைக் காட்டினார். பங்குனி ஏழு, காலை ஏழு நாற்பது. அவன் வீட்டை விட்டுப் போவதற்கு இருபது நிமிஷம் முந்தி. கோப்புக்கு அவன் வைத்த பேர் இங்கிலீசு எழுத்தில் தமிழாக இருந்தது. நான்தான் கிறேசுக்கு வாசித்துக் காட்டினேன். “அம்மா போயிட்டு வாறன்.”

கிறேஸ் அதை என்னைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தாள். பிறகு மர்சூக்கைப் பார்த்துச் சொன்னாள்: “பிடிச்சுக்கொண்டு போறவன் இப்பிடி எழுதி வைக்க நேரம் குடுப்பானோ, தம்பி? பிள்ளை தானாத்தான் போயிருக்கிறான். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறான். நான்தான் பாக்கேல்லை.”

வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள். அடுத்த நாள் காலை கோயிலுக்குப் போய், காணாமற்போனவர்களுக்காகப் பூசையில் வாசிக்கிற பேர்களில் இருந்து வலன்ரைனின் பேரை எடுக்கச் சொன்னாள். பங்குச் சுவாமி என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சுவாமி பேரை வெட்டினார்.

ஆகவே, மச்சான், நான் கேட்பது இதுதான். திருச்சியில் இருந்து மண்டபம் அகதிக் காம்புக்கு ஒருதரம் போய் விசாரியுங்கோ. பங்குனி ஏழுக்குப் பிறகு வள்ளத்தில் வந்தவர்களின் பதிவில் பாருங்கோ. இடது புருவத்தில் வெட்டுக் காயம் இருக்கிறது, சின்ன வயதில் நங்கூரம் பட்டது. பேரை மாற்றிப் பதிந்திருந்தாலும் புருவம் மாறாது. வலன்ரைன் வெட்கத்தில் எழுதாமல் இருக்கிறான் என்று கிறேஸ் சொல்கிறாள். கோபிக்கமாட்டோம் என்று சொல்லுங்கோ. பிளக்கை இழுத்ததற்கு அவனிடம் நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் எல்லாரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மச்சான்,
சூ. யாகப்பர்

பி.கு: கடிதத்தைத் தபாலில் போட இன்றைக்கு டவுனுக்கு வந்த இடத்தில் மர்சூக் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். மிச்சக் கோப்புகளையும் எடுத்துவிட்டாராம். நாற்பத்தொன்று. திறக்க ஒன்றும் திறக்காது, ஆனால் பேர்கள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் அதே பேர்தான், பின்னால் எண் மட்டும் வேறு. இரண்டு வருஷமாகக் கடைக்குப் போகவும் கடலுக்குப் போகவும் பந்தடிக்கப் போகவும் அந்தக் கதிரையை விட்டு எழும்பின ஒவ்வொரு தரமும் பிள்ளை அப்படித்தான் எழுதிவிட்டு எழும்பியிருக்கிறான். கிறேசுக்கு நான் சொல்லவில்லை. நீங்களும் எழுதவேண்டாம். மண்டபத்துக்கு மட்டும் எப்படியும் போய்ப் பாருங்கோ.