தீப்பெட்டியும் பிரிவு மலரும்

“ஸ்டூல்னு போட்டிருக்கே? நான் என்ன வீட்டுச் சாமானாடா?”

ஏணி இப்படிக் கேட்டபோது தீப்பெட்டிக்குக் கோபம் வரவில்லை. இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. அந்த வாரத்தில் அவனுக்குக் கோபம் வராத நேரம் அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. பரீட்சை முடிந்துவிட்டது, கடைசி நாள்வரை வகுப்புக்கு வந்துபோவது மட்டும்தான் பாக்கி. இன்னும் சில நாளில் ஆளுக்கொரு திசையாகப் போகப்போகிறார்கள். கைப்பேசி என்ற ஒன்று வரும் என்று யாரும் கனவுகூடக் காணாத காலம். பிரிந்து போனால் போனதுதான். அதனால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியேறும் வகுப்பு ஒரு பிரிவு மலர் போடும். எழுத வருகிற ஒருவன் மற்ற எல்லாரைப் பற்றியும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதவேண்டும். கிண்டல் இருக்கலாம், குத்தல் இருக்கக் கூடாது. பள்ளி அலுவலகத்து டைப்பிஸ்ட் அக்கா அதை மெழுகுத் தாளில் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுப்பார். கடைசி நாள் மாலை, மசி வாசனை போகாமல் எல்லார் கையிலும் ஒன்று இருக்கும்.

எழுதுகிறவன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. வேறு யாராவது எழுதித் தரவேண்டும். போன வருஷம் எழுதியவனைப் பற்றி எழுத மற்றவர்கள் சுத்தமாக மறந்துபோனார்கள். அந்த மலரைப் புரட்டினால் அப்படி ஒருவன் அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்ததாகவே தெரியாது. இந்த வருஷம் எழுதுகிற வேலை தீப்பெட்டிக்கு. பேனாவைத் திறந்த நாளிலிருந்து அவன் மனதை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். வாய்விட்டுக் கேட்கவும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கேட்டு வாங்குவதற்குப் பெயர் அன்பா?

தீப்பெட்டி என்ற பெயர் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. உரசினால் போதும்.

ஏணியைப் பற்றி அவன் எழுதியிருந்தது இதுதான்: ‘இவன் இருந்தவரை எங்கள் வகுப்புக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. கூரையில் சிக்கிய பந்து, எட்டாத ஜன்னல் கொக்கி, எல்லாவற்றுக்கும் இவன் கைதான். எல்லாரிடமும் குனிந்தே பேசிப் பழகியதால், உலகத்தில் எல்லாரும் தன்னைவிடப் பெரியவர்கள் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.’

“நல்லாத்தானேடா இருக்கு?”

“ஸ்டூலை எடு.”

“ஸ்டூல்தான்டா அதுல உசுரே!”

“எங்க அப்பா படிப்பார். எடுத்துடு.”

போய்த் தொலைகிறது என்று தீப்பெட்டி ஸ்டூலை எடுத்தான். ஸ்டூல் போனதும் பந்தும் கொக்கியும் அந்தரத்தில் நின்றன. அவற்றையும் எடுத்தான். மிஞ்சியது, ‘இவன் உயரமானவன். குனிந்து பேசுவான்.’

அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். அங்கே டைப்பிஸ்ட் அக்கா ஏணியின் பக்கத்தை ஏற்கெனவே அடித்து முடித்திருந்தார். மெழுகுத் தாளில் ஓர் எழுத்து தப்பினாலே பெரும்பாடு. சிவப்புத் திரவத்தைத் தொட்டுத் தடவவேண்டும், ஊதி ஊதிக் காயவைக்கவேண்டும், அதே இடத்தில் திரும்ப அடிக்கவேண்டும். இங்கே ஒரு எழுத்தா, பக்கமே போயிருந்தது.

“இன்னொரு தடவை திருத்தம்னு இந்தப் பக்கம் வந்தே, இந்தச் சிவப்பை உன் மூக்குல தடவி அனுப்பிடுவேன்.”

“இதோட சரிக்கா. சத்தியமா.”

சத்தியம் மறுநாள் காலை மணி அடிக்கும்வரை தாங்கியது.

“அவனுக்கு மட்டும் மாத்தியிருக்கே?” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள் ரேடியோ. ஊரில் நடப்பதையெல்லாம் முதல் பீரியடுக்கு முன்னாலேயே ஒலிபரப்பிவிடுகிறவள். “நான் மட்டும் வாயாடியா?”

“வாயாடின்னு நான் எழுதவே இல்லை!”

உண்மைதான். அவன் எழுதியிருந்தது, ‘எல்லாருடைய ரகசியமும் இவளுக்குத் தெரியும்; எல்லாவற்றையும் சொல்லியும் விடுவாள். ஆனால் யார் வீட்டிலாவது கஷ்டம் என்றால், அதை மட்டும் இவளிடமிருந்து பிடுங்க முடியாது.’ அதை எழுதி முடித்தபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

“பேச்சைப் பத்தியே ஒண்ணும் வரக் கூடாது.”

“உன்னைப் பத்தி எழுதறதுல பேச்சு வராம எப்படி?”

“அது உன் பாடு.”

வெறுப்பில் ‘இவள் அமைதியானவள்’ என்று எழுதிக் கொடுத்தான். மத்தியானத்துக்குள் அது பள்ளிக்கூடம் பூராவும் பரவிவிட்டது. யார் பரப்பியிருப்பார்கள் என்று சொல்லவேண்டுமா? கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சாயங்காலம் ரேடியோ மறுபடியும் வந்தாள்.

“ஊரே சிரிக்குது. வேணும்னுதானே பண்ணினே?”

தீப்பெட்டிக்கு உச்சந்தலைக்கு ஏறியது. “நீதானே கேட்டே!”

“நான் கேட்டா நீ எழுதிடுவியா? உனக்கு அறிவு வேணாம்?”

அன்றைக்கு அவன் வீட்டில் தட்டை வைத்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

“யார்மேல கோபம்? தட்டு என்ன பண்ணுச்சு?” என்றாள் அம்மா.

“யார்மேலயும் இல்லை!” என்று கத்தினான்.

மறுநாள் தூங்குமூஞ்சியின் முறை. விடியுமுன் எழுந்து வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுவிட்டு வருகிறவன். கடைசி பெஞ்சில் அவன் தூங்கினால் தீப்பெட்டிதான் முன்னால் உயர்ந்து உட்கார்ந்து மறைத்துக்கொள்வான். ‘நாங்கள் எல்லாம் தூங்கும்போது இவன் விழித்திருந்தான், நாங்கள் விழித்திருந்தபோது இவன் தூங்கினான். கணக்குச் சரியாகிவிட்டது’ என்று எழுதியிருந்தான். இவனாவது குறை சொல்லமாட்டான் என்று நம்பியிருந்தான் பாவம்.

“எனக்கு ஏன்டா இவ்வளவு சின்னதா எழுதியிருக்கே? ஏணிக்கு முதல்ல நீளமா எழுதினியாமே. ஆளோட உயரத்தைப் பார்த்தா வரி போடுவே?”

“நீயுமாடா?”

“நீயுமான்னா? எனக்கு மட்டும் மானம் கிடையாதா?” என்று கேட்டுவிட்டுத் தூங்குமூஞ்சி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் உதடு துடித்தது. கோபத்தில் துடிக்கிறது என்று தீப்பெட்டி நினைத்தான். நினைத்ததும் அவனுக்கும் கோபம் பொங்கியது. எத்தனை பீரியட் இவனுக்காக முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், நன்றி கெட்ட ஜென்மம்!

நீட்டி எழுதினான். நீட்டியதும் மற்றவர்கள் தங்களுடையதையும் நீட்டச் சொன்னார்கள். நீட்டினால் தாள் போதாது. தாள் போதாதென்று சொன்னால், “அப்ப அவனுக்கு எப்படிப் போதுச்சு?” என்றார்கள். அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அக்கா சிவப்புத் திரவப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. அவர் பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது.

கடைசியில் லீடர் வகுப்பைக் கூட்டினான். லீடர் என்றால் வரிசையில் நிற்கவைப்பவன், வேறொன்றும் இல்லை. அன்று அவனும் வாத்தியார் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினான்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதணும். ஏத்த இறக்கம் கூடாது. இல்லேன்னா உன்னைப் பத்தி ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்கவேண்டி வரும்.”

“எழுதிக் கொடுப்பீங்களா?”

“மொத்த வகுப்பும் சேர்ந்து.”

தீப்பெட்டி பற்றிக்கொண்டது. கையிலிருந்த தாள்கட்டை அப்படியே குறுக்காகக் கிழித்தான். ஏணி, ரேடியோ, தூங்குமூஞ்சி, லீடர், எல்லாரும் இரண்டு துண்டாகித் தரையில் விழுந்தார்கள்.

“ஒரே மாதிரிதானே வேணும்? தரேன்!”

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினான். ‘நல்ல குணம் படைத்தவர். உழைப்பாளி. பழக இனியவர். வாழ்க பல்லாண்டு.’ எல்லாருக்கும் இதே வரிகள், பெயர் மட்டும் வேறு. ஒரு கல்லுக்குக்கூட இதை எழுதலாம். பழிவாங்கிவிட்ட திருப்தியோடு தூங்கப் போனான். ஆனால் தூக்கம் வரவில்லை. ஏணியின் ஸ்டூலும் ரேடியோவின் ரகசியமும் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தன.

மறுநாள் அதைப் படித்துவிட்டு வகுப்பே குதித்தது.

“என்னையும் ரேடியோவையும் மாத்தி வெச்சாக்கூடத் தெரியாதேடா!” என்றான் ஏணி.

“இதுக்கா உன்னை எழுதச் சொன்னோம்? பழசையே போடு,” என்றாள் ரேடியோ.

“பழசைத்தான் கிழிச்சாச்சே!”

“அது நீ கிழிச்சது. நாங்களா கிழிச்சோம்?”

பல்லைக் கடித்துக்கொண்டு புதுசையும் கிழித்தான். சாயங்காலம் திரும்ப உட்கார்ந்தான். ஒவ்வொருவரையும் நினைவிலிருந்து எழுதினான். திட்டிக்கொண்டேதான் எழுதினான். ஆனால் விசித்திரம், ஸ்டூல் திரும்ப வந்தது, பந்து வந்தது, கொக்கி வந்தது. முதலில் எழுதாத ஒன்றுகூட வந்து சேர்ந்துகொண்டது. தூங்குமூஞ்சி மழை நாளில் செய்தித்தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தான் நனைவான் என்பதை எப்படி மறந்திருந்தான்!

எழுதி முடித்ததும் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தான். எல்லாரும் இருந்தார்கள். அவன் மட்டும் இல்லை. இந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் வந்து எத்தனை குறை சொன்னார்கள்! ‘உன் பக்கம் எங்கேடா?’ என்று கேட்க ஒருத்தருக்கு நாக்கு வரவில்லையே. கடைசித் தாளின் ஓரத்தில் ஒரு கண்ணீர்ச் சொட்டு விழுந்தது. அது அழுகை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், கோபம் என்று வைத்துக்கொண்டான்.

கடைசி நாள் காலை. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் பாதி வகுப்பு கும்பலாக நின்று எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் கப்பென்று வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். லீடர் மட்டும் ஒரு தாளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அலுவலகத்தை நோக்கி வேகமாக நடந்தான்.

தீப்பெட்டிக்குப் புரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டார்கள்!

எழுதியதையெல்லாம் டைப்பிஸ்ட் அக்காவிடம் கொடுத்தான். அவர் அடித்தார். அவன் மெஷினுக்கு மசி ஊற்றினான், உருளையைச் சுற்றினான், முழங்கை வரை கறுப்பானான். சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வந்தபோது அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். டைப்ரைட்டரில் புதிதாக ஒரு மெழுகுத் தாள் மாட்டியிருந்தது. அவன் கொடுத்த பக்கம் எதுவும் பாக்கி இல்லையே?

மெழுகுத் தாளில் எழுத்து லேசில் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். கிட்டப் போய்க் குனிந்தான். தலைப்பில் அவன் பெயர் மங்கலாகத் தெரிந்தது. அடியில், ‘இப்படிக்கு, மொத்த வகுப்பும்.’

ஹெட்மாஸ்டருக்குப் புகார்! அதுவும் டைப் அடித்து! அதுவும் பிரதி எடுத்து ஊரெல்லாம் கொடுக்க!

உருவி எடுத்தான். இரண்டாகக் கிழித்தான், நாலாகக் கிழித்தான், ஆத்திரம் தீராமல் இன்னும் கிழித்தான். மெழுகுத் தாள் வழுக்கிக்கொண்டு கிழிபட மறுத்தது. அது வேறு எரிச்சல். கடைசித் துண்டு தரையில் விழும்போது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன கிழிச்சே?”

“அவங்க எழுதிக் கொடுத்ததை! போங்க, போய்ச் சொல்லிக்கோங்க. எனக்கு ஒண்ணும் பயம் இல்லை. ஒரு வாரமா உசுரைக் கொடுத்து எழுதினேன்கா. ஒவ்வொருத்தனையும் எவ்வளவு... எனக்குன்னு ஒரு வரி எழுத ஒருத்தனுக்கும் தோணலை. என்னைப் பத்திப் புகார் எழுத மட்டும் மொத்த வகுப்பும் ஒண்ணு சேர்ந்துடுச்சு!”

குரல் நடுவிலேயே உடைந்துவிட்டது. மசிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் பாதி கறுப்பானது.

அக்கா திட்டவில்லை. குனிந்து துண்டுகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தார்.

“உக்காரு. நான் சொல்றதை எழுது.”

“மன்னிப்புக் கடிதமெல்லாம் எழுதமாட்டேன்.”

“மன்னிப்பு இல்லை. அந்த லீடர் பய காலையில கொண்டுவந்து கொடுத்தது. அடிச்ச கை, எனக்கு மனப்பாடம். மணி ஆகுது, எழுது.”

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தான். முறைத்துக்கொண்டே பேனாவைத் திறந்தான்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்: “‘எங்கள் தீப்பெட்டியைப் பற்றி என்ன எழுதுவது என்று எங்களுக்குள் சண்டை தீருவதற்கு ஒரு வாரம் ஆனது, அதுவரை அவன் மலரை முடித்துவிடாமல் இருக்க, தினமும் ஒருவர் போய் அவனை உரசிவிட்டு வந்தோம்.’”